பாதிக் கொம்பும் முழு முட்டைக்கோஸும்

டெல்ஃபின் வீட்டுக் கூடத்தில் பாதிக் கொம்பு ஒன்று மாட்டியிருந்தது. பலகையின் இடது பக்கம் நாலு கிளையோடு அது வளைந்து நிற்கும், வலது பக்கம் வெறும் சுவர். பார்ப்பவர்களுக்கு ஏதோ மான் பாதி உடம்பைச் சுவருக்குள் நுழைத்துக்கொண்டு சிக்கிவிட்டதோ என்று தோன்றும். மீதி எங்கே என்று புது ஆள் யாராவது கேட்டுவிட்டால் போச்சு. அவள் புருஷன் ஆர்லின் காபிக் கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவான். பதில் சொல்லும் வேலை டெல்ஃபின் தலையில் விழும்.

"வேலிக்கு அந்தப் பக்கம், என் தம்பி வீட்டுச் சுவர்ல இருக்கு. அங்க இடது பக்கம் மொட்டையா இருக்கும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மான். புரியலையா? விடுங்க, எனக்கே இன்னும் புரியல."

விஸ்கான்சினில் அவர்கள் இருந்த பக்கத்து ஆம்பளைகள் விசித்திரப் பிறவிகள். வீட்டுக்கு வேண்டிய காய்கறியைக் கடையில் வாங்குவார்கள், மானுக்கு வேண்டியதைச் சொந்தமாகப் பயிர் செய்வார்கள். மானை வரவழைத்துச் சுடுவதற்காகத் தானியத்தைக் கொண்டுபோய்க் காட்டில் கொட்டி வைத்தால் அந்த வட்டாரத்தில் குற்றம். அதையே விதைத்து வளர்த்தால் விவசாயம். அதனால் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்லின், மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினான், மண்ணின் புளிப்பு போகச் சுண்ணாம்பு போட்டான், மான் படம் போட்ட பையில் விதை வாங்கி டர்னிப் கிழங்கு விதைத்தான். மழை பெய்யாவிட்டால் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தான். டர்னிப் முளைத்த அன்று டெல்ஃபினைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

"நம்ம பொண்ணு பொறந்தப்பகூட நீ இப்படிச் சிரிக்கல," என்றாள் அவள்.

"அவ அழுதுக்கிட்டே பொறந்தா. இது பாரு, எவ்வளவு அமைதியா வந்திருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கம் டெல்ஃபினின் தம்பி ஃப்ளோரியனுக்கும் இதே பைத்தியம். அப்பா விட்டுப்போன நிலத்தை அக்காவும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள், நடுவில் ஒரு கம்பி வேலி. அந்த வேலி பல வருஷம் பேருக்குத்தான் இருந்தது. மச்சான்கள் இரண்டு பேரும் அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பியர் குடிப்பார்கள், அதற்குத்தான் அது பயன்பட்டது.

போன நவம்பரில்தான் எல்லாம் கெட்டது. துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக அனுமதிக்கும் பருவத்து முதல் நாள், பெரிய கொம்பன் ஒன்று ஆர்லின் வயலுக்கு வந்தது. சுட்டான். அது வேலியைத் தாண்டிக் குதித்து ஃப்ளோரியன் பக்கம் ஓடியது. அவனும் சுட்டான். மான் விழுந்தது. முதல் குண்டு என்னுது என்றான் ஆர்லின். என் குண்டுலதான் விழுந்துச்சு என்றான் ஃப்ளோரியன். பேச்சு அதோடு நின்றிருந்தால் பியரில் முடிந்திருக்கும். இரண்டு மாசமா என் டர்னிப்பத் தின்னு வளந்த மான் இது என்று ஆர்லின் ஒரு வார்த்தை விட்டான். உன் டர்னிப்பையா, என் சோளத்தையா, வயித்தைக் கிழிச்சுப் பாத்துடலாமா என்றான் ஃப்ளோரியன்.

கிழித்துப் பார்த்தார்கள். அறுபது வயசைத் தாண்டிய இரண்டு கிழவர்கள், பனியில் மண்டி போட்டு, மானின் இரைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். டர்னிப்பும் இல்லை, சோளமும் இல்லை. யாரும் விதைக்காத, யாரும் தண்ணி ஊற்றாத காட்டு ஓக் மரத்துக் கொட்டைகள்தான் வயிறு முழுக்க இருந்தன. அந்த அவமானத்தை எந்த ஆம்பளையால் தாங்க முடியும்? இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்து மண்டையை நடுவே அறுத்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அறுத்து முடிக்கும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறமும் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நன்றித் திருநாள் விருந்துக்கு ஃப்ளோரியன் வரவில்லை. டெல்ஃபின் வழக்கம்போல வான்கோழி சுட்டு, தம்பிக்குப் பிடித்த புளிக்க வைத்த முட்டைக்கோஸை ஒரு பெரிய கிண்ணம் நிறைய வைத்திருந்தாள். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. பாத்திரம் கழுவும்போது குழாயை நன்றாகத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த வருஷம் சங்கதி இன்னும் முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் ஊர்க்காரர்கள் மீன் வறுவலுக்குக் கூடும் மதுக்கூடத்தில், மச்சான்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். பெண்டாட்டிகள் இருவரும் எலுமிச்சைத் துண்டு வாங்குகிற சாக்கில் நடுவில் சந்தித்துக்கொள்வார்கள். அப்படிச் சந்தித்த ஒரு செப்டம்பர் வெள்ளியில், ஃப்ளோரியனின் மனைவி பெர்னிஸ் மெல்ல வாயைத் திறந்தாள்.

"அண்ணி, உங்க தம்பி ரெண்டு மாசமா வீட்டை விக்கணுங்கறாரு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி விளம்பரம் குடுத்துட்டு அரிசோனாவுக்கே போயிடலாம்ங்கறாரு. அங்க பனி இல்லையாம்."

"அங்க மானும் இல்லை, மண்ணும் இல்லை. போய் என்ன பண்ணுவானாம்? கள்ளிச்செடிக்குச் சுண்ணாம்பு போடுவானா?"

"அந்த ஊர் வெயிலுக்குன்னு எனக்கு ஒரு பனாமா தொப்பி வாங்கிக் குடுத்துட்டாரு, அண்ணி." பெர்னிஸ் இதைச் சாவுச் செய்தி சொல்கிற குரலில் சொன்னாள்.

டெல்ஃபின் எலுமிச்சைத் தட்டைக் கீழே வைத்தாள். தம்பியை அவளுக்குத் தெரியும். கோபத்தோடு கிளம்பினால் திரும்பிப் பார்க்க மாட்டான். இந்த வருஷத்து மான் பருவம் முடிவதற்குள் இந்த இரண்டு முண்டங்களும் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு இருக்கிற ஒரே தம்பி வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையாகச் சுருங்கிவிடுவான்.

இதற்கு நடுவில் புதுக் கொம்பன் ஒன்று வேறு முளைத்திருந்தது. ஆர்லின் மரத்தில் கட்டி வைத்த கேமராவில் அது விடியற்காலையில் வந்து நின்றது. தொண்டையில் பாதிரிமார் காலர் போல வெள்ளைப் பட்டை இருந்ததால் அதற்குப் 'பாதிரியார்' என்று பேர் வைத்து, படத்தைக் கைபேசியின் முகப்பிலேயே போட்டுக்கொண்டான். ஃப்ளோரியனின் கேமராவில் அதே வெள்ளைப் பட்டை அந்தி நேரத்தில் வந்தது. வருகிறது, தின்கிறது, போகிறது, திருப்பி எதுவும் தருவதில்லை என்பதால் அவன் அதற்கு 'வரிக்காரன்' என்று பேர் வைத்தான். பாதிரியாரும் வரிக்காரனும் ஒரே ஆள் என்பது பெண்டாட்டிகள் இருவருக்கு மட்டும் தெரியும். டெல்ஃபின் அதைச் சனியன் என்று கூப்பிட்டாள். ஜூன் மாசம் தோட்டத்து வலை சாய்ந்திருந்த ஒரே ராத்திரியில் அவளுடைய பீன்ஸ் முழுவதையும் மொட்டையடித்தது அதுதான்.

நவம்பர் தொடக்கத்தில், வில்லோடு வேட்டைக்குப் போகும் பருவத்தில், இன்னொரு கூத்து நடந்தது. மான்கள் இணை தேடும் அந்தச் சமயத்தில் இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று மோதித் தட்டினால், ஏதோ சண்டை நடக்கிறது என்று நினைத்து ஆண் மான் ஓடிவரும். ஆர்லினிடம் இருப்பதோ ஒற்றைக் கொம்பு. அதைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கோடரிக் காம்பில் தட்டினான். அன்று சாயங்காலம் அவன் திரும்பி வந்தபோது முழங்காலெல்லாம் சேறு, தாடியெல்லாம் ஒட்டுமுள். மூஞ்சியில் பூசியிருந்த பச்சை வண்ணம் வியர்வையில் வழிந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் டெல்ஃபின்.

"ஒண்ணும் ஆகல." நேரே குளிக்கப் போய்விட்டான்.

தொலைபேசி அடித்தது. பெர்னிஸ்.

"அண்ணி, உங்க வீட்டுலயும் ஒருத்தர் சேத்தோட வந்திருக்காரா?"

"வந்திருக்காரு. உன் வீட்டுல?"

"இங்கயும். பாதிக் கொம்பை எடுத்துக்கிட்டுப் போயித் தட்டினாராம். அந்தப் பக்கத்துலேர்ந்து பதிலுக்குச் சத்தம் வந்துச்சாம். வரிக்காரன்தான் வர்றான்னு நெஞ்சு அடிச்சுக்க, தவழ்ந்துக்கிட்டே போனாராம். தட்டறதும் தவழறதுமா வேலி வரைக்கும் போயி, புதரை விலக்கிப் பாத்தா..."

"ஐயோ, சொல்லாத."

"ரெண்டு மூக்கும் இடிச்சுக்கற தூரத்துல உங்க வீட்டுக்காரரு!"

"பேசினாங்களா?"

"எங்க? ரெண்டு பேரும் அப்படியே திரும்பித் தவழ்ந்தே போயிட்டாங்களாம், அண்ணி. எழுந்து நடந்தா மரியாதை போயிடுமாம்!"

டெல்ஃபின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. மூக்குக்கு மூக்கு வந்தும் ஒரு 'என்ன மச்சான்' சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பெர்னிஸ், இது ஆவற வேலை இல்ல. எனக்கு ரெண்டு ஆம்பளை சேந்து இழுத்தாத்தான் நகர்ற மாதிரி ஒரு மான் வேணும்."

"யாரு சுடுவா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

கை இருந்தது. அப்பாவிடம் சுடக் கற்றுக்கொண்ட இருவரில் குறி தவறாதவள் அவள்தான். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் நாள் வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சோறு ஆக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவள் நின்றுவிட்டாள், அவ்வளவுதான். மறுநாளே டவுனுக்குப் போய்த் தன் பேரில் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு வாங்கினாள்.

பிறகு தோட்டத்துக்குப் போனாள். சமையலறை ஜன்னலுக்கு எதிரே அவளுடைய முட்டைக்கோஸ் பாத்தி. புளிக்க வைப்பதற்கென்றே வளர்த்தவை, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் தலை அளவு இருக்கும். உறைபனி விழுந்து இலையெல்லாம் இனிப்பேறி நின்றது. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை. வெட்டி எடுத்து ஜாடியில் போட வேண்டிய நாள் அது. டெல்ஃபின் அரிவாளைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு, வலையைப் பிரித்துச் சுருட்டி வைத்தாள். இந்த வருஷம் ஊறுகோஸ் இல்லாமல் போகட்டும். தின்ன ஆள் இல்லாத வீட்டில் அது எதற்கு?

ஆர்லின் அதைக் கவனிக்க ஒரு வாரம் ஆனது.

"வலையை ஏன் பிரிச்ச?"

"துருப்பிடிச்சுடுச்சு."

"மான் வந்து தின்னுடுமே?"

"அது எப்படி? உன் டர்னிப்பை விட்டுட்டு என் கோஸுக்கு வருமா? அவ்வளவு சுண்ணாம்பு போட்டிருக்க!"

"அதுவும் சரிதான்," என்று ஆர்லின் நிஜமாகவே தலையாட்டிக்கொண்டு போனான்.

செப்டம்பரிலிருந்து அந்த இரண்டு வயல்களையும் சுற்றி ஆம்பளைகள் நடந்து, பரண் கட்டி, கேமரா மாட்டி, பூட்ஸ் போட்ட கால் படாத இடமே இல்லாமல் பண்ணிவிட்டார்கள். மானுக்கு மூக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதை இருவரும் மறந்துபோனார்கள். டெல்ஃபின் பாத்தியில் பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணீர் வாசனையும் அவள் செருப்பு வாசனையும்தான். அந்த வாசனை வருஷக்கணக்கில் எந்த மானையும் ஒன்றும் செய்ததில்லை. வலை போன நாலாம் நாளே வரிசையின் ஓரத்தில் இரண்டு தலை காணாமல் போயிருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்து, "தின்னுடா ராசா, நல்லா தின்னு," என்றாள்.

நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கியது. இருட்டோடு ஆர்லின் தன் பரணுக்குப் போனான். வேலிக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரியன் தன் பரணில் ஏறினான். எதிரும் புதிருமாக, வேட்டைக்கு மாட்டுகிற ஆரஞ்சுச் சட்டையில் இரண்டு பூசணிக்காய்கள் மரத்தில் காய்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். டெல்ஃபின் ராத்திரி உடுப்புக்கு மேல் ஆர்லினின் பழைய ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸைக் காலில் நுழைத்து, அப்பாவின் துப்பாக்கியோடு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருந்தது.

வெளிச்சம் வந்து வரிசைகள் தெரிய ஆரம்பித்தபோது கோஸ் பாத்தியில் ஒரு தலை நிமிர்ந்தது. தொண்டையில் வெள்ளைப் பட்டை. வாயில் பாதி முட்டைக்கோஸ். மென்றபடியே அவளைப் பார்த்தது, நீதானே என்பது போல மறுபடி குனிந்தது. டெல்ஃபினுக்கு ஒரு நொடி மனசு அடித்துக்கொண்டது. ஃப்ளோரியன் விமானம் ஏறுவதை நினைத்துக்கொண்டாள். விசையை இழுத்தாள்.

ஒரே குண்டு. அது இரண்டடி எடுத்து வைத்து வரிசைக்குக் குறுக்கே விழுந்தது.

சத்தம் ஆர்லின் காதில் விழுந்தது. வீட்டுப் பக்கம் ஏன் வெடி? வீட்டில் டெல்ஃபின் மட்டும்தானே? பரணிலிருந்து இறங்கினானா விழுந்தானா என்று அவனுக்கே தெரியாது. டர்னிப்பையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினான். ஒரு வருஷமாகத் தாண்டாத வேலியைத் தாண்டி, கால்சட்டை கம்பியில் கிழிபடும் சத்தத்தோடு, "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டு ஃப்ளோரியனும் ஓடிவந்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வீட்டு மூலையைத் திரும்பி, ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிக்கொண்டு நின்றார்கள்.

டெல்ஃபின் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. ரெண்டு பேருக்கும் ஊத்தட்டுமா?"

ஆர்லின் மூச்சு வாங்கியபடி அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன? அதோ, உங்க பாதிரியாருக்குத்தான் உடம்பு சரியில்ல."

திரும்பிப் பார்த்தார்கள்.

"பாதிரியார்!" என்றான் ஆர்லின்.

"வரிக்காரன்!" என்றான் ஃப்ளோரியன்.

"என் மான்," என்றாள் டெல்ஃபின். "சீட்டு என் பேர்ல இருக்கு. குண்டு ஒண்ணுதான். கொம்பை அறுக்கணும்னு ரம்பத்தைத் தொட்டீங்க, அடுத்த குண்டு யாருக்குன்னு சொல்ல மாட்டேன். முழுக் கொம்பா என் அடுப்படியில மாட்டப்போறேன். இப்ப ஆளுக்கொரு கொம்பைப் புடிச்சு இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டு போங்க."

இழுத்தார்கள். வேறு வழி? உறைந்த மண்ணில் அந்தக் கனத்தை ஒருத்தனால் நகர்த்த முடியாது. இருமினார்கள், முனகினார்கள், பேசவில்லை. பெர்னிஸ் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்து டெல்ஃபின் பக்கத்தில் நின்றாள். அவள் கண்ணாலேயே, என்ன அண்ணி, இன்னுமா, என்று கேட்டாள். டெல்ஃபின் உதட்டைப் பிதுக்கினாள். பாத்தி பூராவும் போச்சு, மானும் செத்தது, இவர்கள் வாய் மட்டும் தைத்துவைத்த மாதிரியே இருந்தது. அவளுக்கு அப்போது நிஜமாகவே பயம் வந்தது.

கொட்டகையில் வயிற்றைத் திறந்தபோது, பழக்க தோஷம், இரண்டு பேர் கண்ணும் இரைப்பைக்குத்தான் போனது.

"வேண்டாம். போன வருஷம் பட்டது போதாதா?" என்றாள் டெல்ஃபின்.

ஆர்லின் அதற்குள் கீறிவிட்டான். வெள்ளை வெள்ளையாக முட்டைக்கோஸ் சரிந்தது. அவன் கத்தி முனையால் விலக்கினான். டர்னிப் இலை ஒரு துணுக்குகூட இல்லை. முகம் விழுந்துபோனது. பிறகு அடியிலிருந்து எதையோ விரலால் எடுத்து, சட்டையில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சின்னதாக, வெளிர் பச்சையாக, மூன்று இலை சேர்ந்தது.

"க்ளோவர்," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியாத மாதிரி சொன்னான். பிறகு தலையை நிமிர்த்தி, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் முறையாக மச்சானிடம் பேசினான். "க்ளோவரா போட்டிருக்க?"

ஃப்ளோரியன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ம்."

"எப்போ?"

"ஆகஸ்ட்டுல."

அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. டர்னிப் போட்டால் மான் அந்த வருஷமே தின்னும். க்ளோவர் என்ற தீவனச் செடி அப்படியில்லை. முதல் வருஷம் வேர் பிடிக்கவே சரியாக இருக்கும். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும்தான் அடர்ந்து வரும். வீட்டை விற்கிறவன் எவனும் க்ளோவர் விதைக்க மாட்டான்.

டெல்ஃபினுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "டேய் ஃப்ளோரி, அரிசோனாவுல உக்காந்துக்கிட்டு அடுத்த வருஷம் மானை விசிலடிச்சுக் கூப்பிடலாம்னு இருந்தியா?"

ஃப்ளோரியன் கத்தியை வைத்தான்.

"போகாதேன்னு யாராவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றான். "செப்டம்பர்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் சொல்லல."

டெல்ஃபின் நினைத்துப் பார்த்தாள். மதுக்கூடத்து எலுமிச்சைத் துண்டு, வேட்டைச் சீட்டு, பிரித்துப்போட்ட வலை. எல்லாம் செய்தாள். நேரே வேலிக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கும்தான் தோன்றவில்லை. அவர்களை முண்டம் என்று திட்டியவள்.

ஆர்லின் அந்த மூன்று இலையை இன்னும் விரலில் வைத்திருந்தான்.

"போகாத, மச்சான்," என்றான். அடுத்த வார்த்தைக்குத் தவித்து, கடைசியில் தனக்குத் தெரிந்த வழியில் போனான். "இலை வெளுத்திருக்கு பாரு. உனக்குச் சுண்ணாம்பு பத்தல. ஏப்ரல்ல என் பையைத் தூக்கிக்கிட்டு வந்து நானே போடறேன்."

"எனக்குச் சுண்ணாம்பு போடத் தெரியாதுங்கறியா?"

"தெரிஞ்சா ஏன் வெளுக்குது?"

"உன் டர்னிப்பு ஒரு துணுக்குகூட இல்லையே, அதைச் சொல்லு முதல்ல!"

குரல் உயர்ந்தது. பெர்னிஸ் பதறிப்போய் டெல்ஃபின் கையைப் பிடித்தாள். டெல்ஃபின் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். இந்தச் சண்டை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். இது வேலியில் முழங்கை ஊன்றிப் பியர் குடிக்கிறவர்கள் போடுகிற சண்டை.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும், அக்கா?" என்றான் ஃப்ளோரியன், சண்டைக்கு நடுவிலேயே.

"மத்தியானம் வா. ஆனா ஊறுகோஸ் கிடையாது. மிச்சமிருக்கறது நாலே தலை, அதுவும் கடிபட்டது."

"அண்ணி," என்று பெர்னிஸ் காதருகே குனிந்தாள், "அந்தத் தொப்பியை இப்ப நான் என்ன பண்றது?"

டெல்ஃபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மானின் ஈரலைப் பாத்திரத்தில் போட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு நாலு பேர். வெங்காயம் உரிக்க உள்ளே போனாள்.

"கொண்டா. அடுத்த வருஷம் கோஸ் பாத்தியில ஒரு கம்பை நட்டு அதுல மாட்டிடலாம், மான் பயந்து ஓடட்டும்."